உடம்பில் உலோகம் உண்டா

கவுண்டரில் என் கதிரைக்குக்
கறுப்புத் துணி போட்டது நான்தான்.
பிளாஸ்டிக் சுடுகுது என்று
அருமைநாயகத்துக்குச் சொல்லிவைத்தேன்.
எழும்புமுன் ஒருதரம், எழும்பிய பின் ஒருதரம்
திரும்பிப் பார்ப்பேன்,
மாதத்தில் பதினொரு நாள்.
கண்ணாடி ஓட்டையால்
கொழும்புக்கும் வவுனியாவுக்கும் சீட்டு நீட்டிக்கொண்டே
மேசைக்குக் கீழே இரும்புக் குளிசை பிரிப்பேன்.

ஸ்கான் எடுத்தவ
திருநெல்வேலிச் சந்தைக்குப் போய்வந்த கையோடு பேசினா:
ஒன்று தேசிக்காய் அளவு,
ஒன்று தோடம்பழம்,
பின்சுவரில் நல்ல விளாட்டு மாங்காய்.
வயிற்றில் பூசிய குளிர்களி காயமுன்னம்
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
நாற்பத்து மூன்றில் காய்த்திருக்கிறேன்.

கனடாவிலிருந்து மச்சாள்:
"எடுத்து எறியும். கலியாணமும் இல்லை,
இனி என்னத்துக்கு அது?"
போனை வைத்த பிறகும்
அந்த "அது" காதில் நின்றது.
பாவிக்காத கிணறென்றால்
தூர்த்துவிடச் சொல்கிற குரல்.
அள்ளிக் குடிக்கவில்லைத்தான் நான்.
வளவு என்னுடையது.

டொக்டர் பவித்திரா தாளில் ஒரு பேரிக்காய் கீறினா.
"முழுசா எடுக்கிறதும் ஒரு வழி, ஆனா அவசரமில்லை.
மூன்று சின்னத் துளை போட்டுக்
கட்டியை மட்டும் அரிஞ்செடுக்கலாம்;
உங்கட மாங்காய் பின்னுக்கு ஒளிச்சு நிக்குது,
அதுதான் எனக்கு யோசனை.
கத்தியே இல்லாமல், ஒலியைக் குவிச்சுச் சுடுற மெசினும் இருக்கு.
காந்தத்துக்குள்ள படுக்க வேணும்."
ஒரு படிவம் நீட்டினா.

ஏழாவது கேள்வி: உடம்பில் உலோகம் உண்டா?
இதயத்துக்கு வைத்தது, செயற்கை மூட்டு, காதுக் கருவி
எல்லாவற்றுக்கும் சின்னச் சின்னப் பெட்டி.
நான் "வேறு" என்ற கோட்டில் எழுதினேன்:
ஷெல் துண்டு. வலது தொடைச் சந்து. தொண்ணூற்றைந்து.
அவ பேனையை மூடி வைத்தா.
பதின்மூன்று வயதில்
சாவகச்சேரியில் ஒருவர் சொன்னதையே
நானும் திருப்பிச் சொன்னேன்:
பெரிய நாடிக்குப் பக்கத்தில, தோண்ட வேண்டாம்,
இருக்கட்டும்.

"அப்ப காந்தம் வேண்டாம்," என்றா.
கொஞ்சம் பொறுத்து,
"தொடையாலும் வேண்டாம். மணிக்கட்டால போவம்."

என் கவுண்டரின் மறுபக்கம் நின்று
கொழும்புக்கு ஒன்று கேட்டேன்.
"திரும்பி வாறதுக்கும் சேர்த்தோ?" என்றார் அருமைநாயகம்.
பின்னே.

மயக்கவில்லை, மரத்ததோடு சரி.
நூல் போலொரு குழாய்
மணிக்கட்டில் ஏறித் தோள் கடந்து
என் நெஞ்சோரமாய் இறங்கிப் போனது.
திரையில் மை ஊற்றினார்கள்;
ஒரு மரம் விரிந்தது.
மணலிலும் சின்ன மணிகள்
வாசல் வாசலாய் அடைக்க
கிளைகள் ஒவ்வொன்றாய்க் காணாமல் போயின.
கீழ் மூலையில் மட்டும்
வண்டின் செட்டை அளவில் கறுப்பாய் ஒன்று
அசையாமல் இருந்தது.
உதவிக்கு நின்ற இளம் டொக்டர்
மிலிந்த என்று சட்டையில் பெயர்,
தட்டித் தடவித் தமிழில் கேட்டார்:
"இது... என்ன?"
பழையது, என்றேன். அதை விடுங்கோ.
"நோகுதா?"
மழைக்கு முதல் நாள் மட்டும்.
அவர் பிறகு திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்ன வழி என்றால் சின்ன வலி என்று
ஒருவரும் சொல்லவில்லை, நானே நினைத்துக்கொண்டது.
அன்றிரவு கட்டில் கம்பியைப் பிடித்தபடி
தண்டவாளச் சிலிப்பர்க் கட்டைகளை எண்ணினேன்,
கோட்டையிலிருந்து வடக்கே.
மாங்குளம் வரைக்கும் போயிருப்பேன்.

ஆறு மாதத்தில்
மாங்காய் வற்றித் தோடம்பழமாயிற்று.
தேசிக்காய் அப்படியே, பிடிவாதக்காரி.

கார்த்திகையில் ஒரு பின்னேரம்.
தொடை உளைந்தது, நாளைக்கு மழை.
கடவையில் கேற் விழ, சைக்கிளோடு நிற்கிறேன்.
கடைசிப் பெட்டியும் போய் முடிகிற நேரம்
ஞாபகம் வந்தது:
கதிரையைப் பார்க்காமல் எழும்பி வந்திருக்கிறேன்.
போய்ப் பார்த்துவிட்டு வருவமா?
பின்னுக்கு நின்ற ஆட்டோக்காரன் ஹோர்ன் அடித்தான்.
கேற் எப்போதோ திறந்திருந்தது.