றோட்டை விட்டு இறங்குதல்

முதல் தடவை நின்றது உவர்மலை இறக்கத்தில்,
விடிய நாலரைக்கு.
பற்றரி.
தள்ளினோம், இறக்கம் எங்கள் பக்கம் இருந்தது.
உறுமிக் கிளம்பியதும்
"குதிரையடா" என்றான் ரெஜினோல்ட்.
அரைவாசி ஜீப் அவனுடையது,
மற்ற அரைவாசி லீசிங் கொம்பனியுடையது.

கிண்ணியா, மூதூர், சம்பூர்,
பிறகு தார் முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில்
நாலு சக்கரத்துக்கும் உயிர் கொடுக்கிற
அந்தச் சின்னக் கம்பியைத் தள்ளி
இலக்கந்தைக் கடல் வரைக்கும்
பாதையே இல்லாமல் போவதாகத் திட்டம்.
ஹஸ்னி அதற்கென்றே ஒரு தொப்பி வாங்கியிருந்தான்.

இரண்டாவது, கிண்ணியாப் பாலத்தின் நட்டநடுவில்.
எட்டிப் பார்த்தோம்.
கீழே தோணியில் இறால் வலைக்காரன் நிமிர்ந்து
"பெல்ற்றா?" என்றான்.
சத்தத்திலேயே விளங்கிவிட்டதாம்.

ஜௌபர் நானா கராஜ் திறக்க எட்டரை.
பெல்ற்றைப் பார்க்கமுதல் எங்கள் சப்பாத்துகளைப் பார்த்தார்.
"எங்க போற?"
சொன்னோம்.
"அங்க என்னத்துக்கு?"
மூன்று பேரும் ஆளையாள் பார்த்தோம்.
வேறெதோ வானின் பெல்ற்றை எடுத்து
எங்கள் எஞ்சினைச் சம்மதிக்க வைத்தார்.

கட்டைபறிச்சான் தாண்டி மூன்றாவது.
கன்னியாவின் ஏழு கிணறும்
ஒரே பொனெற்றுக்குள் கொதித்தன.
பனை நிழல் ஒரு முழ அகலம்.
அதற்குள் மூவரும் ஒருவர்பின் ஒருவராக
வரிசையில் நின்றோம்.

தண்ணீர் பவுசரை இழுத்துக்கொண்டு ஒரு ட்ரக்டர் வந்தது.
ஓட்டி வந்த தவமலர்
ஆவியைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்.
"இது குடிக்கிற தண்ணி" என்றாள் முதலில்.
பிறகு, "ஒரு வாளி. கணக்கு இருக்கு."
ரேடியேற்றர் அதைக் குடித்து
அப்படியே கீழால் விட்டது.

"மைத்துனன்ட வெல்டிங் கடை இருக்கு.
தார் றோட்டால எட்டுக் கட்டை. குறுக்கால மூண்டு."
பவுசருக்குப் பின்னால் நைலோன் கயிற்றைக் கட்டி
றோட்டை விட்டு இறக்கினாள்.

இறங்கியதும் எல்லாம் இருந்தது:
சக்கரம் புதைகிற மணல், எருமை உழக்கிய சேறு,
வயிற்றைச் சுரண்டுகிற ஈச்சம்பற்றை.
எதற்காக வந்தோமோ அது முழுவதையும்
செத்த எஞ்சினோடு
நடைவேகத்தில் கடந்தோம்.
வழியெல்லாம் பவுசர் சிந்தியது,
எங்கள் கண்ணாடியில் தெறித்தது.
ரெஜினோல்ட் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான்
ஏதோ தான் ஓட்டுவதுபோல.

ஓரிடத்தில் நிறுத்தினாள்.
ஒருபக்கம் சிவப்பும் மறுபக்கம் வெள்ளையும் பூசிய கற்கள்.
வெயில் தின்று இரண்டும் ஒரே நிறம்.
இறங்கி முன்னால் நடந்து பார்த்துவிட்டு வந்தாள்.
"எல்லாம் எடுத்து முடிஞ்சுது. வருசக்கணக்காச்சு.
எண்டாலும் நான் இந்தப் பக்கத்தாலதான் போறது."
ஏறமுதல் திரும்பினாள்.
"றோட்டை விட்டு இறங்கவோ
காசு செலவழிச்சு வாறீங்க?"
சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.
"நாங்க திரும்பி வந்த புதுசில
பிள்ளையள மூத்திரம் பெய்யவும்
தாரிலதான் இருத்தினது."

ஹஸ்னி தன் தொப்பியை மடித்து
இருக்கைக்கு அடியில் வைத்தான்.
வெயில் அப்படியேதான் இருந்தது.

கடைவாசலில் கயிற்றை அவிழ்த்தாள்.
காசு வேண்டாம் என்றாள்,
கொஞ்சம் யோசித்து, டீசலுக்கென்று வாங்கினாள்.
மைத்துனன் மூதூர்ச் சந்தைக்குப் போய்விட்டான்,
பின்னேரம் வருவானாம், அல்லது நாளைக்கு.
பவுசரைச் சுற்றிக் குடங்கள் நிரையாக நின்றன.
குழாயை ஹஸ்னி பிடித்தான், நான் தூக்கிக் கொடுத்தேன்.
கடைசி வீட்டுக்கு ஒரு வாளி குறைந்தது.
அந்த வீட்டுக்காரி ஜீப்பை ஒருதரம் பார்த்தாள்,
ஒன்றும் சொல்லவில்லை.

ரெஜினோல்ட் சும்மா எல்லாவற்றையும் அமத்திப் பார்த்தான்.
ஹோன் மட்டும் வேலை செய்தது.
குடங்களுக்கு நடுவில் நின்ற பிள்ளைகள்
இன்னொருதரம் என்றார்கள்.