பிற (ஐம்பது சொற்களுக்கு மிகாமல்)

படிவத்தின் நாலாம் பக்கம்.
கட்டுரைகள்: இரண்டு.
ஒன்றில் என் பெயர் ஏழாவது.
காப்புரிமை: இல்லை.
வெளியிட்ட ரகங்கள்: இல்லை.
ஈட்டிய வெளிநிதி: ஒரு தராசு, இப்போது பழுது.

பதினோரு வருடம் என்ன செய்தாய் என்று
படிவம் கேட்கவில்லை.
அதற்குக் கேட்கத் தெரிந்ததைக் கேட்கிறது.

திருவட்டாறு தாண்டி ஆற்றோரம்,
நிலையத்துக்கு அரை ஏக்கர்.
வடக்கிலிருந்து வந்த வாழை ஒன்றை நட்டேன்.
குலை முப்பது கிலோ,
காகிதத்தில் பார்க்கப் பார்க்க ஆசை.
முதல் ஆடிக்காற்றில் இடுப்பளவில் ஒடிந்தது.
முட்டுக் கொடுத்தேன், ஒடிந்தது.
ஆழ நட்டேன். மாதம் மாற்றி நட்டேன்.
ரப்பர் மரங்களின் மறைவில் நட்டேன்.
ரெஜினாள் காலைதோறும்
விழுந்ததை எண்ணி நோட்டில் எழுதுவாள்.
மழை நனைத்த பக்கங்களை
இஸ்திரிப் பெட்டி வைத்துக் காயவைத்தோம்.

கடைசியில் எழுதியது ஒரே வரி:
இந்த மாவட்டத்துக்கு இது வேண்டாம்.

வேண்டாம் என்பதை
எந்த ஆய்விதழும் அச்சிடவில்லை.
தபசிமுத்து மட்டும்
கன்றுக்குக் கட்டிய முன்பணத்தைத் திரும்ப வாங்கி
மகளின் நர்சிங் ஃபீஸ் கட்டினார்.
"நல்லதாப் போச்சு, சொன்னிய"
என்றதோடு சரி.
இன்னும் எத்தனை பேர் கேட்டார்கள், தெரியாது.
நடாததால் விழாத மரங்களை எண்ண
ரெஜினாளிடம் நோட்டு இல்லை.

குழு வந்தது. மூன்று பேர், இரண்டு கார்.
தலைவர் கெட்டவர் அல்லர்.
அவர் பையிலும் ஒரு படிவம்,
அவரே நிரப்ப வேண்டியது,
பாதியில் நின்றிருந்தது.
கூட்டினார். நூற்றுக்கு முப்பத்தெட்டு.
"ஒரு வெற்றியாவது காட்டுங்களேன் மேடம்"
என்றார், நிஜமான வருத்தத்தோடு.

சாப்பாட்டுக்குப் பின் மட்டிப்பழம் வைத்தோம்.
விரல் நீளம்தான்; மூன்று தின்றார்.
தோலை எங்கே போடுவதென்று தேடிக்கொண்டே
"இது யார் கண்டுபிடித்த ரகம்?" என்றார்.
யாரும் இல்லை சார்,
இங்கேயே நின்றது.

கார்கள் அழகியமண்டபம் பக்கம் இறங்கிப் போயின.
என்னிடமிருந்த நகலில்
பிற என்ற கட்டம் காலியாகக் கிடந்தது.
'இதுவரை ஒடியாதவை' என்று தொடங்கி
அடித்துவிட்டேன்.

ஓட்டின் மேல் காற்று ஏறும் சத்தம்.
ரெஜினாள் பழக்கத்தில்
நோட்டை எடுத்துக்கொண்டு
தோட்டத்துக்கு இறங்கினாள்.