நிறைந்தபின்

டயரில் முப்பத்தாறு. கம்பெனிக் கணக்குக்கு நாலு கூட.
"முதுகு வலிச்சா என்னைத் திட்டக்கூடாது"
என்றார் கோரிமேட்டு ஜபருல்லா.

பின்சீட்டோரம் பேட்டரி மூச்சிழுக்கும் சல்லடை.
பழைய டூத்பிரஷ்ஷால் தட்டினேன்:
நாய்முடி, ஒரு மிளகு,
மங்கையர்க்கரசி ஆறு மாதமாய்த் தேடிய
கம்மல் திருகாணி.

டிக்கியில் கிடந்த குடைகள், தண்ணீர் கேன்,
யாருடையதென்றே தெரியாத கிரிக்கெட் மட்டை
எல்லாம் இறங்கின.

ஆனாலும் ஏற்காடு ஏறுகையில்
லிட்டருக்குப் பதினொன்றுதான்.
நோட்டில் எழுதவில்லை.

இறங்கும்போது
பூனையைத் தொடுவதுபோல் பிரேக்கைத் தொட்டேன்.
வளைவுக்கு வளைவு
திரையில் பச்சைக் கட்டங்கள் ஏறின.
எண்ணிக்கொண்டே வந்தாள் மங்கை.

ஒன்பதாம் கொண்டை ஊசியிலேயே நிறைந்துவிட்டது.
அப்புறமும்
மலை கொடுத்துக்கொண்டேயிருந்தது.
வாங்கி வைக்க இடமில்லை.
எஞ்சின் வெறுமனே உறுமிற்று, அடிவாரம் வரை.