நிலுவை

பாலையடிக்குள நன்னீர் மீனவர் சங்கத்தில்
பதினொரு வருசமாய் நிறை எழுதுகிறேன்.
தராசு பொய் சொல்லாது.
கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்,
அவ்வளவுதான்.

மாசியில் வந்த ஆய்வுகூடப் பெடியன்
முதலில் தண்ணீர் அள்ளினான்.
பிறகு பாசி கேட்டான்,
கண்ணுக்குத் தெரியாத நீர்த்தெள்ளு கேட்டான்,
விரல்நீளப் பொட்டியான் ஒரு போத்தல்.
கடைசியில் யூட்சனின் வலையிலிருந்து
நாலு கிலோ விரால்.
ஈரல் உடையாமல் வேண்டுமாம்.

கடிதம் வைகாசியில் வந்தது.
ஒரே நிரலில் ஐந்து இலக்கம்.
தண்ணீருக்கு நேரே
இல்லையென்றே சொல்லிவிடலாம் போல ஒன்று.
கீழே வரவர ஊதிக்கொண்டு போய்
விராலிடம் வந்ததும்
கட்டத்துக்குள் அடங்காமல் நின்றது.

எனக்கு விளங்கக் கஷ்டமில்லை.
செவ்வாய்க்கிழமைகளில் கடன்காரப் பெடியன்
மோட்டார்சைக்கிளை நாவல் மரத்தில் சாத்திவிட்டு
எங்கள் ஐந்து பேரின் கொப்பியையும் விரிப்பான்.
ஒருத்தி கட்டாததை மற்றவள் சுமந்தாள்.
அவளால் ஏலாததை அடுத்தவள்.

எப்பவோ தடைசெய்த வயல் மருந்து,
குப்பையில் நொறுங்கிய குழல்விளக்கின் பாதரசம்,
மாரி வெள்ளத்தோடு குளத்துக்கு இறங்கி
பாசியிடம் ஒரு சதம்.
பாசி தின்ற தெள்ளு,
தெள்ளு தின்ற பொட்டியான்,
பொட்டியானைப் பத்து வருசம் தின்ற விரால்.
தின்றதெல்லாம் நீந்த நீந்தச் செலவாகும்.
இது செலவாகாது.
கொழுப்பிலும் தசையிலும் கிடக்கும்,
கட்டிமுடிக்காத தவணை.

நிரோஜினி நேற்று வந்தாள். ஏழாம் மாதம்.
"அக்கா, பெரிய விரால் ஒன்று எடுத்து வையுங்கோ,
உடம்புக்கு நல்லதாம்."
நான் உள்ளங்கை அளவு யப்பான் மீனாய்ப் பார்த்து
ஒரு கிலோ போட்டேன்.
முகம் சுருங்கிற்று.
"காசு இருக்கக்கா."
"காசுக்கில்லையடி."
எதுக்கு என்று கேட்டாள்.
நான் தண்ணீரில் தொடங்கினேன்.
தெள்ளு வரைக்கும் வந்திருப்பேன்,
இந்தக் குளத்து மீனில் வளர்ந்தவள்தானே தானும் என்றாள்.
அதற்கு என்னிடம் இலக்கம் இல்லை.

யப்பானை வாங்காமலே போனாள்.
சந்தியில் யூட்சனின் மச்சான்
சைக்கிள் பெட்டியில் வைத்து விற்கிறான்,
அவனுக்குக் கடிதம் ஒன்றும் வரவில்லை.

பின்னேரம் காற்று அந்தப் பக்கத்தால் வந்தது.
பழப்புளி, வெந்தயம்,
நன்றாய்க் கொதித்த விரால்.
எனக்கும் வாய் ஊறிற்று, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மேசையில் கடிதம் திறந்தபடி கிடந்தது.
ஐந்தாவது இலக்கத்துக்குக் கீழே
கோடு போட்டு முடிக்க மறந்திருந்தார்கள்.