ஏழாவது இடம்

பாளையங்கோட்டைச் சட்ட நூலகத்தில்
நிர்வாகக் குழு கூடினால்
டீ வாங்குவதும் நான்,
நடவடிக்கைக் குறிப்பு எழுதுவதும் நான்.
அன்றைக்கு ஆறு பேர்:
நாலு வக்கீல், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர்,
கட்டடம் ஒழுகாமல் பார்த்துக்கொள்ள ஒரு பொறியாளர்.
கட்டடம் ஒழுகுகிறது.

பொருள் எண் நான்கு,
பொதுமக்கள் சார்பில் ஓர் உறுப்பினர்.
மூன்று வருஷமாக அந்த வரி
அடுத்த கூட்டத்துக்கு, அடுத்த கூட்டத்துக்கு என்று
வாய்தா வாங்கிக்கொண்டே இருந்தது.

"யாரைப் போடலாம்?" என்றார் தலைவர் பிரமநாயகம்.
நகைக்கடைக்காரர் ஒருவர் பேர் வந்தது,
இரண்டு பீரோ வாங்கித் தருவாராம்.
பொறியாளரின் மைத்துனர் பேரும் வந்தது.
பொறியாளர் குனிந்து பிஸ்கட்டைப் பார்த்தார்.
நீதிபதி சொன்னார்:
"சட்டம் தெரிஞ்சவரா இருக்கணும்வே.
இல்லைன்னா இங்க வந்து என்ன செய்வாரு?"

எனக்குத் தொண்டை வரைக்கும் வந்தது ஒரு பேர்.
வாய்க்கு வரவில்லை.

செவ்வாய்க்கிழமைதோறும்
மேலப்பாளையத்திலிருந்து ஒரு பெண் வருகிறாள்.
வருகைப் பதிவேட்டில் செய்யதலி பாத்திமா.
தொழில் என்ற கட்டத்தில் பீடி.
நோக்கம் என்ற கட்டத்தில் மற்றவர்கள் எல்லாம்
மேற்படி, மேற்படி என்று இழுத்துவிட்டுப் போக,
அவள் மட்டும் ஒவ்வொரு வாரமும்
'படிக்க' என்று முழுசாக எழுதுகிறாள்.

இருபத்திரண்டு வருஷம் சுற்றிய கைக்கு
பி.எஃப். ஒரு பைசா கட்டவில்லை கம்பெனி.
வழக்குப் போட்ட வக்கீல் பாதியில் விட்டுவிட்டார்.
வீட்டிலிருந்து சுற்றுகிறவள் தொழிலாளியா இல்லையா
என்று அவளே தேடுகிறாள்,
மகளின் இங்கிலீஷ் அகராதியைப் பக்கத்தில் வைத்து.
தமிழ்ப் புத்தகங்களும் ஒரு பீரோ நிறைய உண்டு.
சாவி செயலாளரிடம்.
செயலாளர் சங்கரன்கோவிலில்.

எச்சில் தொடாமல் பக்கம் திருப்புகிறவள்
எங்கள் நூலகத்தில் அவள் ஒருத்திதான்.
இலை கிழியாமல் சுற்றிப் பழகிய விரல்.

எந்த டியூப்லைட் எரியாது,
எந்த நாற்காலி ஆடும்,
எந்த வால்யூம் வரிசையில் இல்லை என்பதெல்லாம்
குழுவில் ஒருவருக்கும் தெரியாது.
"எண்பத்தாறாம் வருஷத் தொகுதி எங்க அண்ணாச்சி?"
என்று ஒருநாள் கேட்டாள்.
இரவல் பேரேட்டைப் புரட்டினேன்.
பதினோரு வருஷமாக அது
பிரமநாயகம் ஐயா வீட்டில்.
பைண்டிங்குக்குப் போயிருக்கு என்று சொன்னேன்.
அடுத்த செவ்வாயும் அதையே சொன்னேன்.

கடையில் பீடியை ஒப்படைத்துவிட்டு
அவள் வந்துசேர நாலு மணி.
ஐந்துக்குப் பூட்டுகிறோம்.
ஏழு வரைக்கும் திறந்துவைக்கச் சொல்லி
மனுக் கொடுத்தாள்.
வக்கீல்கள் ஐந்து மணிக்கே போய்விடுவதால்
அவசியம் எழவில்லை என்று குழு பதில் எழுதியது.
நான்தான் எழுதினேன்.

டீ ஆறிவிட்டது.
"யாரையாவது பாத்துப் போடும்" என்று
பொருள் நான்கை முடித்தார் தலைவர்.
சொன்னது என்னிடமா, பொதுவாகவா
தெரியவில்லை.
என்னிடம்தான் என்று எடுத்துக்கொண்டது பேனா.

தீர்மானம்: மேலப்பாளையம் செய்யதலி பாத்திமா
பொது உறுப்பினராக ஏகமனதாக நியமிக்கப்படுகிறார்.
பொடி எழுத்தில் ஒளிக்கவில்லை.
நடுப்பக்கத்தில், கொட்டை எழுத்தில் எழுதினேன்.

"வாசிக்காம எதுலயும் கையெழுத்துப் போடாதேயும்" என்று
கட்சிக்காரர்களுக்கு
முப்பது வருஷமாகச் சொல்லிவருகிறவர்கள்
வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள்.
பொறியாளர் என் பேனாவையே இரவல் கேட்டார்.
நீதிபதி மட்டும் கண்ணாடியைத் தேடினார்,
காரில் இருக்கிறது என்றார்,
போட்டுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை
நியமனக் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன்.
இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா என்றேன்.
உட்காரவில்லை.
வெளிச்சத்துக்காக ஜன்னலோரம் போனாள்.
முதல் வரியிலிருந்து முத்திரை வரைக்கும் ஒரு தடவை.
திரும்பவும் ஒரு தடவை.
பையிலிருந்து பேனாவை எடுத்தாள்,
மூடியைத் திறக்கவில்லை.

"தேதி தப்பாப் போட்டிருக்கிய அண்ணாச்சி" என்றாள்.
"திருத்திக் கொண்டாங்க.
பொறவு போடுதேன்."