எண்பத்துநாலாவது ஆள்

எனக்கு ஆள் பிடிக்கிற வேலை.
செப்டம்பர் பிறந்ததும் மஞ்சள் தாளும் பசையுமாகக் கிளம்பிவிடுவேன்:
நூலக வாசல், விடுதியின் சலவை அறை,
காப்பிக்கு வரிசை நிற்கும் சுவர்.
தாளின் அடியைச் சீப்புப் பல்லாய் வெட்டி
ஒவ்வொரு பல்லிலும் என் மின்னஞ்சல்.
மேலே கொட்டை எழுத்தில்
நினைவாற்றல் ஆய்வு, நாற்பது நிமிடம்,
முதலாண்டு உளவியல் மாணவருக்கு ஒரு மதிப்பெண்.
முதல் மாதம் இரண்டு பல் விழும்.
நவம்பர் கடைசியில்,
கட்டாய நான்கு மதிப்பெண் சேர்க்காதவர்கள்
திடுக்கிட்டு எழுந்ததும்
பொக்கை வாய்.

வந்தவர்களில் ஒருவன் ஹாக்கி மட்டையோடு வந்தான்.
இடையில் எழுந்து போனாலும் மதிப்பெண் உண்டா என்றான்.
உண்டு, அது விதி என்றேன்.
எழுந்து போய்விட்டான்.
ஒப்புதல் படிவத்தின் மூன்றாம் பத்திவரை
படித்திருந்த ஒரே ஆள்.
கொடுத்தேன்.

இனி உண்மையைச் சொல்லலாம்.
சொற்பட்டியல் சும்மா.
சோதனை வெளியே, வழிநடையில்:
ஒரு பெட்டி நிறைய உறைகளோடு
எதிரே வருவான் ஓரெஸ்ட்,
சரியாகத் தண்ணீர்க் குழாயருகே தவறவிடுவான்.
குனிகிறார்களா, எத்தனை நொடியில்.
கதவிடுக்கில் நான், கையில் கடிகாரம்.

டிசம்பர் நான்கு. சஸ்கடூனில் மைனஸ் முப்பத்தொன்று.
பேருந்து ஓடவில்லை.
ஐந்து மணிக்காரி வரமாட்டாள் என்று
ஓரெஸ்ட் ஒரு கையை மேலங்கிக்குள் விட்டிருந்தபோது
மாடிப்படியில் பூட்ஸ் சத்தம்.
ஆற்றுப் பாலத்தை நடந்தே கடந்திருக்கிறாள்,
இமையெல்லாம் வெள்ளை.
உறைகள் விழுந்தன.
டேனிகா லாலிபெர்ட்
ஒன்றின்மேல் மிதித்துக்கொண்டு
நேரே என் கதவுக்கு வந்தாள்.

உதவவில்லை: பூஜ்யம். எழுதிக்கொண்டேன்.

சொற்களைப் படித்தாள். பதினெட்டில் பதினொன்று ஒப்பித்தாள்.
மதிப்பெண் போட அவள் எண்ணைத் தட்டினேன்.
இப்படி ஒரு மாணவர் இல்லை என்றது திரை.
மறுபடி தட்டினேன்.
"செவ்வாய்க்கிழமை அந்தப் பாடத்தை விட்டுவிட்டேன்" என்றாள்.
அப்புறம் எதற்கு வந்தீர்கள்?
"ஐந்து மணிக்கு என்று பேர் எழுதியிருந்தேனே."

நான் மேசை இழுப்பறையைத் திறந்தேன்.
பேனாக்கள், பிசின் நாடா, பாதி சாக்லேட்.
எதையும் தரக்கூடாது,
அறநெறிக் குழு ஒப்பிய பட்டியலில்
மதிப்பெண் தவிர வேறெதுவும் இல்லை.

விதிப்படி உண்மையைச் சொன்னேன்.
உறைகள், ஓரெஸ்ட், கடிகாரம்.
அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள்.
"உள்ளே நுழைந்ததும் ஆவி படிந்துவிட்டது.
தரையே தெரியவில்லை."
இதைக் கணக்கில் சேர்ப்பீர்களா?
கட்டம் இல்லையே என்றேன்.

வெளியே போய் அவனிடம் மன்னிப்புக் கேட்டாள்.
நடிக்கச் சம்பளம் வாங்குகிறவனுக்கு
அதற்கு வசனம் கிடையாது.
தடுமாறியவன்
அடுக்கி முடித்த பெட்டியை நிஜமாகவே போட்டுவிட்டான்.
இருவரும் மண்டியிட்டுப் பொறுக்கினார்கள், சிரித்துக்கொண்டே,
ரொம்ப நேரம்.
என் கடிகாரம் கழுத்தில் சும்மா தொங்கியது.

கட்டுரையில் வழக்கமான வரியை எழுதினேன்:
பங்கேற்ற எண்பத்துநான்கு பேரும் மதிப்பெண் பெற்றனர்.
அடித்தேன்.
எண்பத்துமூவர் பெற்றனர். ஒருவர் பெறவில்லை.
அது பொய்யில்லை. ஆனாலும்
ஏதோ நாங்கள் ஏமாற்றினதுபோல் இருந்தது.

மதிப்பாய்வாளர் ஓரத்தில் கேட்டிருக்கிறார்,
அந்த ஒருவருக்கு ஏன் கைம்மாறு இல்லை,
விளக்குக.
பதில் எழுத இரண்டு வாரம் தந்திருக்கிறார்கள்.
பத்து நாள் போய்விட்டது.
பேருந்து ஓடவில்லை என்று
தொடங்கியிருக்கிறேன்.