இரண்டு வெள்ளி

வெஸ்ட் கோஸ்ட் பூங்கா, வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணி.
என் வேலை கோப்பை எண்ணுவது.

பதினெட்டாயிரம் கோப்பைகள்.
கெட்டிப் பிளாஸ்டிக், கழுவலாம், உடையாது.
வாங்கும்போது இரண்டு வெள்ளி முன்பணம்,
திருப்பித் தந்தால் அதே இரண்டு வெள்ளி.
இதை முடிவு செய்ய
மூன்று மாதம் கூட்டம் போட்டோம்,
கூட்டத்தில் காகிதக் கோப்பையில் தேநீர் குடித்தோம்.

குடித்ததும் வீசும் கோப்பையைவிட
இது மேல் என்று ஆவதற்கு
ஏழு முறை கழுவப்பட வேண்டும். எங்கள் கணக்கு அது.
ஒரே விளிம்பில் ஏழு வாய்கள்.
எட்டாவது வாயிலிருந்துதான்
பூமிக்கு லாபம்.

ஜுலேகா கழுவுகிறாள்.
ஜொகூரிலிருந்து நண்பகலில் பாலம் கடந்து வந்தவள்.
நீராவியில் அவள் முகம்
வந்து வந்து மறைகிறது.
நான் எண்ணை மறந்தால்
அவள் மலாயில் சொல்கிறாள், தலை நிமிராமல்.

இந்த வருடம் டீசல் இல்லை.
மேடைக்குப் பின்னால், யாரும் படமெடுக்காத இடத்தில்
மின்கலப் பெட்டிகள் வரிசையாய்,
சமர்த்துப் பிள்ளைகள்போல வாய்மூடி நிற்கின்றன.
போன வருடம் ஜெனரேட்டர் இரைச்சலில்
கத்திக் கத்தி எண்ணினேன்.
இப்போது முணுமுணுத்தாலே போதும்.

கடலுக்கு அந்தப் பக்கம் புக்கோம் தீவு.
எண்ணெய் ஆலை
எங்கள் மேடையைவிட அதிக விளக்குகளோடு,
எங்கள் மேடையைவிட அழகாக.
அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்வதில்லை.
நானும்.

இன்றைய பாடகர்
பதினான்கு மணி நேரம் பறந்து வந்தவர்.
அந்தப் புகைக்கு ஈடு எத்தனை கோப்பை என்று
ஓர் இரவு வகுத்துப் பார்த்தேன்.
விடையை மேலாளர் குழலியிடம் காட்டினேன்.
அறிக்கையில் போடாதே என்றாள்.
லிஃப்ட் கதவு மூடும் முன் கையை நீட்டித் தடுத்து,
போடு, கடைசிப் பக்கம், சின்ன எழுத்து என்றாள்.

ஒன்பதரைக்கு மின்னல் எச்சரிக்கை.
பாட்டு ஒரு சொல்லின் நடுவில் நின்றது.
கூட்டம் ஓடியது, கூடாரத்துக்கும் பேருந்துக்கும்.
கோப்பைகள் புல்லிலேயே நின்றன.
மழை ஒவ்வொன்றையும் நிரப்பியது
முன்பணம் கேட்காமல்.

அப்போதுதான் கேட்டது, தவளை.
இத்தனை வருடமும் இங்கேதான் இருந்திருக்கிறது,
தன் முறைக்குக் காத்துக்கொண்டு.

மழை விட்டதும் திருமதி குவெக் வந்தார்.
அட்டைப்பெட்டி சேர்க்கும் தள்ளுவண்டி,
அதில் நூற்று நாற்பது கோப்பைகள், ஒன்றுக்குள் ஒன்றாக.
ஒருவருக்குப் பத்துதான் என்பது விதி.
பத்தைத் தந்தார், இருபது வெள்ளி வாங்கினார்,
வரிசையின் கடைசிக்குப் போய் நின்றார்.
வரிசையில் வேறு யாரும் இல்லை.
பதினான்கு முறை வந்தார்.
பதினான்கு முறையும்
முதன்முறை பார்ப்பதுபோல வரவேற்றேன்.
பதினான்காவது முறை
இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

விடிய ஒரு மணி நேரம். துவாஸுக்குக் குப்பை லாரி கிளம்பியது.
எரியும், சாம்பலாகும்,
சாம்பல் படகேறி செமாக்காவ் போகும்.
போன வருடம் பதினொரு லாரி.
இன்று நான்கு.
நான்கும் லாரிதான்.

வராத கோப்பைகள் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினொன்று.
பொங்கோலிலும் ஈசூனிலும்
இந்நேரம் அவை பல்துலக்கும் தூரிகையைத் தாங்கி நிற்கலாம்,
பணச்செடிக்குத் தண்ணீர் வைத்திருக்கலாம்.
அதையும் ஒரு முறை என்று சேர்க்கலாமா?
குழலிக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன்.
தூங்கப் போ என்று பதில்.

கிழக்கே வெள்ளி முளைத்திருந்தது.
என் பையில் ஒரு கோப்பை.
இரண்டு வெள்ளியைப் பெட்டியில் போட்டுவிட்டேன், ரசீதோடு.

வீட்டுக்கு வந்து அதில் கோப்பி குடித்தேன்.
ஒன்று.